கைக்குழந்தையோடு குளிர்காலத்தில் ஜூவுக்குப் போகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகளுக்கு ஏழு மாதம் ஆகியிருந்தபோது, நல்ல குளிர் நாள் ஒன்றில் அவளைத் தூக்கிக்கொண்டு உயிரியல் பூங்காவுக்குப் போனோம். வீட்டில் பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். போய் வந்த பிறகு, அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் இன்னும் நான்கு முறை போய்விட்டோம். கைக்குழந்தை வைத்திருக்கும் தெரிந்தவர்கள் கேட்கிற கேள்விகள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இதயம் அல்லது நுரையீரல் தொந்தரவு உள்ள குழந்தை என்றால் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

குளிரில் போய் எதற்குக் கஷ்டப்பட வேண்டும்? கோடையில் போனால் போதாதா?

கோடையிலும் போங்கள். ஆனால் கைக்குழந்தை இருக்கும் வருடத்தில் குளிர்காலம்தான் எனக்கு வசதியாகத் தெரிகிறது. கூட்டம் குறைவு, அதனால் கண்ணாடிக்கு அருகில் போய் ஐந்து நிமிடம் நின்றாலும் பின்னாலிருந்து யாரும் நெருக்க மாட்டார்கள். வெயிலில் சிவந்து, வேர்த்து, எரிச்சலில் அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்துவதைவிட, நன்றாகப் போர்த்திய குழந்தையைச் சமாளிப்பது எளிது. இன்னொன்று, கோடை மதியத்தில் நிழலில் சுருண்டு படுத்துக்கிடக்கும் புலியும் பனிச்சிறுத்தையும் குளிரில் எழுந்து நடக்கும். அவற்றுக்கு அதுதான் சொந்தப் பருவம்.

எத்தனை மாதக் குழந்தையைக் கூட்டிப் போகலாம்?

மூன்று மாதத்துக்குக் கீழே இருந்தால் நான் காத்திருப்பேன். அந்த வயதுக் குழந்தைக்கு உடல் சூட்டைத் தானாகக் காத்துக்கொள்ளும் திறன் இன்னும் முழுதாக வந்திருக்காது. நமக்குக் குளிர்ந்தால் உடம்பு நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ளும். பச்சைக்குழந்தைக்கு அந்த நடுக்கம் அவ்வளவாக வராது, கழுத்தையும் தோள்களையும் சுற்றி இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சமாளிக்கிறது. எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு பெரியவர்களைவிட அதிகம், தலையும் பெரியது, ஆக சூடு வேகமாக வெளியேறிவிடும். குளிர்காலம் சளி, காய்ச்சல் வைரஸ்கள் சுற்றுகிற காலமும்கூட. பூங்காவின் திறந்தவெளி ஒன்றும் பயமில்லை, ஆனால் கதகதப்புக்காக எல்லாரும் ஒதுங்குகிற மூடிய கூடங்களில் இருமல் தும்மலுக்குக் குறைவிருக்காது.

ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் என்றால் மிக நல்ல நேரம். கழுத்து நின்றிருக்கும், உட்காரத் தெரியும், இன்னும் நடக்கத் தொடங்கியிருக்காது. நடக்க ஆரம்பித்துவிட்டால் விலங்குகளைவிடப் படிக்கட்டுகள்தான் அதற்குச் சுவாரசியம்.

எவ்வளவு குளிர் என்றால் போகாமல் இருப்பது நல்லது?

டிகிரியை மட்டும் பார்க்காதீர்கள், காற்றையும் பாருங்கள். வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸாக இருந்து மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், தோலுக்கு அது மைனஸ் 6, 7 போலப் படும். மைனஸ் 10-இல் அதே காற்று என்றால் மைனஸ் 20 போல. வானிலைச் செயலிகளில் ‘உணரப்படும் வெப்பநிலை’ என்று தனியாகப் போட்டிருப்பார்கள், அந்த எண்தான் உங்களுக்கு வேண்டியது. அது மைனஸ் 28-ஐத் தொட்டுவிட்டால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்து புண்ணாகக்கூடும் என்று கனடாவின் வானிலைத் துறை எச்சரிக்கிறது, அதுவும் பெரியவர்களுக்கு. கைக்குழந்தையோடு அதற்குப் பக்கத்தில்கூடப் போக வேண்டாம். என் கணக்கு இதுதான்: உணரப்படும் குளிர் மைனஸ் 5-க்குக் கீழே போனால் வெளியே சுற்றுவதை விட்டுவிட்டு உள்ளரங்கக் கூடங்களை மட்டும் பார்ப்போம், மைனஸ் 10-க்குக் கீழே என்றால் வீட்டிலேயே இருப்போம். இது சட்டம் இல்லை, எங்கள் வீட்டு அளவுகோல்.

குளிர்மழை பெய்கிற நாளும், ஐந்து டிகிரியாக இருந்தாலும், வேண்டாம். காய்ந்த குளிரைத் தாங்கலாம், நனைந்த துணியோடு குளிரைத் தாங்க முடியாது.

என்ன உடுத்திவிட வேண்டும்?

நீங்கள் போட்டிருப்பதைவிட ஒரு அடுக்கு கூடுதலாக என்பது பரவலாகச் சொல்லப்படுகிற விதி, நன்றாகவே வேலை செய்கிறது. ஒரே ஒரு தடித்த உடுப்பைவிட மெல்லிய அடுக்குகள் மூன்று மேல். உடம்பை ஒட்டி ஒரு பருத்தி அல்லது மெல்லிய கம்பளி பனியன், அதன்மேல் முழுக்கை உடுப்பு, அதற்குமேல் கால் வரை மூடுகிற ஜாக்கெட். அடுக்குகளுக்கு நடுவில் நிற்கும் காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது, அதோடு உள்ளே வெளியே போய்வரும்போது ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டுவதும் சுலபம். காதை மூடும் குல்லா கட்டாயம். கையுறை விரல் பிரிக்காத வகையாக இருக்கட்டும், விரல்கள் ஒன்றையொன்று சூடாக வைத்துக்கொள்ளும். கையுறையில் ஒன்று நிச்சயம் தொலையும், இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். சாக்ஸ் இறுக்கமாக இருக்கக் கூடாது, இறுகினால் ரத்தம் ஓடாமல் கால் இன்னும் குளிர்ந்துபோகும்.

கழுத்தைச் சுற்றி நீளமான சால்வை, தொங்கும் கயிறு உள்ள குல்லா இரண்டும் கைக்குழந்தைக்கு வேண்டாம்.

அதற்குக் குளிருகிறதா, வேர்க்கிறதா, எப்படித் தெரிந்துகொள்வது?

கையையும் மூக்கையும் தொட்டுப் பார்த்துப் பயந்துவிடுகிறோம். கை, கால், மூக்கு நுனி எல்லாம் கொஞ்சம் சில்லென்று இருப்பது சாதாரணம். தொட வேண்டிய இடம் பிடரி, அதாவது பின்கழுத்து, அல்லது நெஞ்சு. அங்கே கதகதப்பாக, காய்ந்து இருந்தால் எல்லாம் சரி. ஈரமாக இருந்தால் வேர்க்கிறது, ஒரு அடுக்கைக் கழற்றுங்கள். நெஞ்சு சில்லென்று இருந்தால் அடுத்த கூண்டையும் பார்த்துவிடலாம் என்று நினைக்காமல் நேராக உள்ளே போங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கையை விட்டுப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

குளிரால் அழுகிற குழந்தையைவிட, குளிரில் சத்தமில்லாமல் சோர்ந்துபோகிற குழந்தைதான் ஆபத்தில் இருக்கிறது. அழுகை மெலிந்துபோவது, பால் குடிக்க மறுப்பது, தொட்டால் உடம்பே சில்லிட்டிருப்பது எல்லாம் உடனே கவனிக்க வேண்டியவை. உடல் வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே போய்விட்டால் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். கன்னத்திலோ காதிலோ தோல் வெளுத்து மெழுகு போல ஆனால் தேய்க்காதீர்கள், தேய்த்தால் தோல் இன்னும் கெடும். உள்ளே போய் உங்கள் உள்ளங்கையை வைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள், நிறம் திரும்பாவிட்டால் டாக்டரிடம் போங்கள்.

ஸ்ட்ரோலரா, மார்போடு கட்டிக்கொள்ளும் கேரியரா?

இரண்டும். தூங்குவதற்கும் பை தொங்கவிடுவதற்கும் ஸ்ட்ரோலர், பார்ப்பதற்குக் கேரியர். ஸ்ட்ரோலரில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் கண் உயரத்தில் இருப்பது பெரும்பாலும் வேலியின் அடிப்பகுதியும் முன்னால் நிற்பவர்களின் முழங்காலும்தான். கேரியரில் நம் உடம்புச் சூடும் கிடைக்கும். கேரியரே ஒரு அடுக்குத் துணி என்பதையும், நம் சூடு ஒரு அடுக்கு என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு உள்ளே போடுவதைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் வேர்த்துவிடும். உங்கள் கோட்டை இருவருக்கும் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் முகம் எப்போதும் வெளியே இருக்க வேண்டும். குனிந்தால் நெற்றியில் முத்தம் கொடுக்கிற உயரத்தில் குழந்தை இருக்கட்டும், அதன் தாடை நெஞ்சில் அழுந்தாமல் ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும். வழுக்குகிற பாதையில் கேரியரோடு நடக்கும்போது செருப்பு போதாது, பிடிமானமுள்ள ஷூ வேண்டும்.

ஸ்ட்ரோலரின் மழைக்கவரைக் காற்றுத் துளைகளை மூடாமல் போடுங்கள், உள்ளே போனதும் கழற்றிவிடுங்கள். போர்வையால் ஸ்ட்ரோலர் முழுவதையும் மூடுவதைப் பலர் செய்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம், உள்ளே காற்றோட்டம் இல்லாமல் போகும், குழந்தையும் நம் கண்ணில் படாது. பனியில் சிறிய முன்சக்கரங்கள் புதைந்துகொண்டால் வண்டியைத் திருப்பிப் பின்னோக்கி இழுத்துப் போங்கள்.

காரில் போகும்போது அந்தத் தடித்த ஜாக்கெட்டோடு கார் சீட்டில் உட்கார வைக்கலாமா?

கூடாது. ஜாக்கெட்டுக்குள் இருக்கும் பஞ்சும் காற்றும் மோதலில் நசுங்கிவிடும், அப்போது இறுக்கமாகத் தெரிந்த பட்டை தளர்ந்து குழந்தை நழுவிவிடலாம். மெல்லிய உடுப்போடு பட்டையைப் போட்டு, அதற்குமேல் போர்வையைப் போர்த்துங்கள். ஜாக்கெட்டைப் பூங்கா வாசலில் போட்டுக்கொள்ளலாம்.

எந்த விலங்குகளைப் பார்ப்பது?

இந்தக் கேள்வியை யாரும் முதலில் கேட்பதில்லை, எனக்கோ இதுதான் முக்கியம். வரைபடத்தில் இருப்பது எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று கிளம்பினால் குழந்தை அழுதுகொண்டுதான் திரும்பும். மூன்றைத் தேர்ந்தெடுங்கள். வெளியே இரண்டு, உள்ளே ஒன்று, ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

குளிரில் அழகாக இருப்பவை என்று என் பட்டியலில் முதலில் பனிச்சிறுத்தை. அதன் வால் ஏறக்குறைய உடம்பின் நீளத்துக்கே இருக்கும், படுக்கும்போது அதையே போர்வையாக முகத்தில் சுற்றிக்கொள்ளும். சிவப்பு பாண்டாவும் தன் வாலை அப்படித்தான் பயன்படுத்துகிறது, உள்ளங்காலில்கூட அதற்கு முடி உண்டு. அமூர் புலி, கஸ்தூரி எருது, துருவக்கரடி இவற்றுக்கெல்லாம் பனி ஒரு பொருட்டே இல்லை. துருவக்கரடியின் ரோமம் வெள்ளையாகத் தெரிந்தாலும் உண்மையில் நிறமற்றது, அடியில் இருக்கும் தோல் கறுப்பு. துருவ மான்களைப் பார்த்தால் கண்ணைக் கவனியுங்கள், கோடையில் பொன்னிறமாக மினுங்கும் கண்ணின் உட்படலம் குளிர்காலத்தில் நீலமாக மாறிவிடும், இருட்டு நாட்களில் கூடுதல் வெளிச்சத்தைப் பிடிப்பதற்காக. நடுக்குளிர்காலத்தில் கொம்போடு நிற்பது பெரும்பாலும் பெண் மானாக இருக்கும். வளர்ந்த ஆண்களுக்கு இணைசேரும் பருவம் முடிந்ததும் கொம்பு விழுந்துவிடும், பெண்களோ குட்டி ஈனும் வசந்தம் வரை வைத்திருக்கும். அந்தக் கொம்பு, பனியைத் தோண்டித் தின்னும் இடத்திலிருந்து மற்றவற்றை விரட்ட உதவுகிறது. வயிற்றில் குட்டியோடு குளிரைத் தாண்டுகிற ஒரு தாய் என்று தெரிந்து பார்க்கும்போது, கையில் குழந்தையோடு நிற்கும் எனக்கு அங்கிருந்து நகரவே மனம் வரவில்லை.

பென்குயின் என்றால் எல்லாமே பனியில் வாழ்பவை என்று நினைக்க வேண்டாம். பூங்காக்களில் அதிகம் வளர்க்கப்படும் ஆப்பிரிக்கப் பென்குயினும் ஹம்போல்ட் பென்குயினும் மிதமான கடற்கரைகளைச் சேர்ந்தவை, கடுங்குளிரில் அவற்றை உள்ளே வைத்துவிடுவார்கள். ராஜ பென்குயின் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஜப்பானில் உள்ள அசாஹியாமா பூங்காவில் குளிர்காலத்தில் அவற்றைப் பனியில் நடைக்கு அழைத்துப் போவார்கள், குழந்தைகள் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பார்கள்.

யானை, ஒட்டகச்சிவிங்கி, பூநாரை எல்லாம் கடுங்குளிரில் வெளியே இருக்காது. அவற்றின் குளிர்கால வீட்டைத் திறந்து வைத்திருந்தால் அவசியம் போங்கள், வெளியே தூரத்தில் தெரிகிற ஒட்டகச்சிவிங்கியின் முகம் அங்கே நாலு அடி தூரத்தில் இருக்கும். பறவைக் காய்ச்சல் பரவும் காலங்களில் பறவைக் கூடங்களை மூடிவிடுவார்கள், கரடிகள் சில இடங்களில் தூங்கப் போயிருக்கும். கிளம்புவதற்கு முன் பூங்காவின் இணையதளத்தில் எது திறந்திருக்கிறது, கடைசி நுழைவு எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள், குளிர்காலத்தில் சீக்கிரம் மூடிவிடுவார்கள்.

இத்தனை சின்னக் குழந்தைக்கு என்ன தெரியப் போகிறது? ஞாபகமும் இருக்காதே?

ஞாபகம் இருக்காது, உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் பார்க்கிறது, கேட்கிறது, முகர்கிறது. பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்தான் தெளிவாகத் தெரியும். மூன்று மாதத்தில் நகரும் பொருளைக் கண்ணால் தொடரும், ஐந்து மாதமளவில் நிறமும் தூரமும் நன்றாகப் புரிய ஆரம்பிக்கும். ஆகவே 50 மீட்டருக்கு அப்பால் பாறையோடு பாறையாகப் படுத்திருக்கும் சிங்கத்தைக் காட்டி ‘பாரு, பாரு’ என்று சொல்வதில் பயனில்லை. பக்கத்தில் இருப்பது, அசைவது, பின்னணியிலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரிவது, இவைதான் அதற்கு. மீன்தொட்டி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீந்தும் நீர்நாய், விளக்கின் கீழே சூடு காயும் மீர்கேட். என் மகள் அன்றைக்கு அதிக நேரம் பார்த்தது குளத்தில் இறங்கி ஏறிக்கொண்டிருந்த சாதாரண வாத்துகளை. புலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நாங்களும் வாத்துகளோடு நின்றுவிட்டோம்.

சிங்கம் கர்ஜித்தால் பயப்படும், கட்டாயம் பயப்படும். கிலோமீட்டர் கணக்கில் கேட்கிற ஒலி அது. முகத்தை உங்கள் பக்கம் திருப்பி அணைத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

உள்ளரங்கக் கூடத்துக்குள் போகும்போது என்ன கவனிக்க வேண்டும்?

எங்களுக்கு ஒருமுறை தப்பு நடந்த இடம் இது. மழைக்காட்டுக் கூடம், உள்ளே 25 டிகிரிக்கு மேல், நல்ல ஈரப்பதம். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்ப மனமில்லாமல் ஜாக்கெட்டோடே இருபது நிமிடம் சுற்றினோம். வெளியே வரும்முன் பிடரியைத் தொட்டால் பனியன் நனைந்திருக்கிறது. அப்படியே வெளியே போயிருந்தால் அந்த ஈரமே சூட்டை இழுத்துக் கொண்டுபோயிருக்கும். உட்கார வைத்து, துடைத்து, உடை மாற்றி, அப்புறம்தான் கிளம்பினோம். அதிலிருந்து, தூங்கினாலும் சரி, உள்ளே நுழைந்ததும் குல்லா, கையுறை, ஜாக்கெட் மூன்றையும் கழற்றிவிடுவோம். எழுந்துகொண்டால் எழுந்துகொள்ளட்டும். மாற்றுப் பனியன் இரண்டு பையில் இல்லாமல் போவதில்லை.

பால் கொடுப்பது எப்படி?

தாய்ப்பால் என்றால் உள்ளரங்கக் கூடத்தின் ஒதுக்குப்புற பெஞ்சு போதும், பல பூங்காக்களில் தனி அறையும் உண்டு. புட்டிப்பால் என்றால் கொதிக்கவைத்த தண்ணீரை ஃபிளாஸ்க்கில் கொண்டுபோய், பவுடரைத் தனியாக அளந்து வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது கலக்கி ஆறவைத்துக் கொடுங்கள். கலக்கிய பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், குழந்தை வாய் வைத்த பிறகு ஒரு மணி நேரம்தான், மீந்ததை ஊற்றிவிடுங்கள். குளிர்காற்று வறண்டது, அடிக்கடி கேட்டால் கொடுங்கள். ஆறு மாதத்துக்குக் கீழே தண்ணீர் தர வேண்டாம், பாலே போதும்.

டயப்பர் மாற்றுவது?

உள்ளே மட்டும். வந்ததும் ஒருமுறை, வெளிப்பகுதிக்குப் போவதற்கு முன் ஒருமுறை. ஈர டயப்பரோடு குளிரில் சுற்றினால் தொடையும் இடுப்பும் சில்லிட்டுவிடும்.

ஆட்டுக்குட்டிகளைத் தொட்டுப் பார்க்கும் பகுதிக்குக் கூட்டிப் போகலாமா?

ஒரு வயது ஆகாத குழந்தையை நான் உள்ளே கொண்டுபோக மாட்டேன், வேலிக்கு வெளியே நின்று காட்டுவேன். நல்ல ஆரோக்கியமாகத் தெரிகிற ஆடு, மாடுகளின் குடலிலும் ஈ.கோலை, சால்மொனெல்லா, கிரிப்டோஸ்போரிடியம் போன்ற கிருமிகள் இருக்கலாம். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இவற்றால் வரும் நோய் கடுமையாகலாம். கைக்குழந்தையோ கையை வாயில் வைக்காமல் ஒரு நிமிடம் இருக்காது. மூத்த பிள்ளை தொட்டுவிட்டு வந்தால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவிய பிறகுதான் தம்பி தங்கையைத் தொட வேண்டும். சானிட்டைசர் போதாது, கிரிப்டோஸ்போரிடியத்தை அது கொல்லாது. பால்புட்டி, சூப்பான், ஸ்ட்ரோலர் எதையும் உள்ளே கொண்டுபோகாதீர்கள், கீழே விழுந்த சூப்பானைத் துடைத்துவிட்டு வாயில் வைப்பது நடந்தே தீரும்.

வெயில் தெரிகிறதே, சன்ஸ்க்ரீன் தேவையா?

பனி படர்ந்த இடத்தில் புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், ஆகவே குளிர் என்று அலட்சியம் வேண்டாம். ஆறு மாதத்துக்குக் கீழே சன்ஸ்க்ரீனைவிட ஸ்ட்ரோலரின் நிழல்தான் சரி. அதற்கு மேல் முகத்தில் மட்டும் கொஞ்சம் தடவலாம்.

மூத்த பிள்ளை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்கிறானே?

இரண்டு பேர் பெரியவர்களாகப் போங்கள், பிரிந்துகொள்ளுங்கள். ஒருவர் மூத்தவனோடு வெளியே, ஒருவர் சின்னதோடு உள்ளே, அப்புறம் மாற்றிக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டி வந்தால் இன்னும் நல்லது. அவர்களுக்கும் குளிரும் என்பதை மறந்துவிடுகிறோம், அவர்கள் உட்காரக் கதகதப்பான இடத்தை முதலில் பார்த்து வையுங்கள். குளிரில் போன் பேட்டரி வேகமாக இறங்கும், பிரிந்து போனால் சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் வாயால் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் எவ்வளவு நேரம் இருக்கலாம்?

இரண்டு மணி நேரம். அதற்குள்ளும், வெளியே தொடர்ந்து இருபது முப்பது நிமிடத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் உள்ளே ஒரு இடைவெளி. காலைத் தூக்கம் முடிந்து பால் குடித்த கையோடு கிளம்பினால் உங்களுக்குக் கிடைப்பது குழந்தையின் மிக நல்ல இரண்டு மணி நேரம். பலர் விலங்குகளுக்குத் தீனி போடும் நேரத்துக்காகக் காத்திருந்து குழந்தையின் தூக்க நேரத்தைத் தவறவிடுகிறார்கள், நாங்களும் முதல் தடவை அதைச் செய்தோம். தீனி நேரம் குழந்தையின் நேரத்தோடு பொருந்தினால் பாருங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். கண்ணைக் கசக்க ஆரம்பித்ததும் வாசலை நோக்கித் திரும்பிவிடுங்கள், அங்கே போய்ச் சேரவே பதினைந்து நிமிடம் ஆகும். காரில் ஏறியதும் ஜாக்கெட்டைக் கழற்றி, பட்டை போட்டு, போர்வையைப் போர்த்தினால் பெரும்பாலும் வண்டி நகர்வதற்குள் தூங்கியிருக்கும். வீட்டுக்குப் போனதும் முதல் வேலை எல்லாரும் கை கழுவுவது, இரண்டாவது நனைந்த கையுறைகளைக் காயப் போடுவது.